அடுக்களை என்னும் உதாரணம்

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. தருக்கம் படிக்க உட்காருபவர் முதலில் சந்திக்கும் அனுமானம் இதுதான். புகை உள்ள இடத்தில் நெருப்பு இருந்தே தீரும் என்பதை எங்கே பார்த்தாய் என்று எதிராளி மடக்கினால், சொல்லவேண்டிய பதிலும் ஆயத்தமாக இருக்கிறது: அடுக்களையில் பார்த்தேன். மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை விளக்கும்போது அடுக்களையைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 17ஆம் நூற்றாண்டில் ஆந்திரத்து அன்னம்பட்டர் மாணவர்களுக்காகத் ‘தர்க்க சங்கிரகம்’ எழுதியபோதும் உதாரணம் மாறவில்லை. பௌத்தரும், நியாய நெறியைப் பின்பற்றிய நையாயிகரும் ஆன்மா உண்டா இல்லையா என்பதில் தொடங்கி எத்தனையோ விஷயங்களில் சண்டையிட்டார்கள். சமையலறை புகையும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கருத்து.

அந்தப் புகைக்குள் உட்கார்ந்து ஊதாங்குழலை ஊதிக்கொண்டிருந்தவளைப் பற்றி இரு தரப்பும் ஒன்றும் சொல்லவில்லை.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் மணப்பாறை. மாட்டுச்சந்தைக்கும் முறுக்குக்கும் பேர்போன ஊர். அரிசிமாவும் ஓமமும் எள்ளும் சேர்ந்த அந்த முறுக்கின் ருசிக்கு ஊர்த் தண்ணீரின் லேசான உவர்ப்புதான் காரணம் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே பல குடும்பங்களுக்கு அடுப்புதான் பிழைப்பு. விறகடுப்பும் உண்டு, கேஸ் அடுப்பும் உண்டு. வறண்ட பூமியில் சீமைக்கருவேலம் விறகுக்குப் பஞ்சம் வைப்பதில்லை. மாடு உள்ள ஊரில் வரட்டிக்கும் குறைவில்லை. ஐப்பசி அடைமழையில் மட்டும் விறகு நனைந்துபோகும். அந்த நாட்களில் அடுப்பு எரிவதைவிட அழுவது அதிகம்; கூடவே ஊதுகிறவளும் அழுவாள்.

இப்படியொரு ஊரில் ஒரு வீடு புகை வராத அடுப்புக்கு மாற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் விலையைச் சொல்வார், சிலிண்டரைச் சொல்வார், கரண்ட் பில்லைச் சொல்வார். வீட்டுப் பெரியவர் கேட்பது வேறு. பொங்கலுக்கு இதில் பானை வைக்கலாமா? திவசத்துக்கு இதில் சமைத்தால் பித்ருக்கள் ஏற்பார்களா? திருச்சிக்கு வந்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால் இதே கேள்வி இன்னும் நுணுக்கமாகும். அங்கே சமையலுக்குப் பெயர் தளிகை. பெருமாளுக்கு அமுது செய்விக்கப்போகிற சோறு மடியோடு ஆகவேண்டும். விசேஷ நாளில் சிலிண்டர் அடுப்பை ஒதுக்கிவிட்டுக் குமுட்டி அடுப்பில் கரி போட்டு விசிறும் வைதீகக் குடும்பங்கள் உண்டு. பெரியவர்கள் சுத்தத்தைக் கேட்கிறார்கள். மருத்துவரும் சுத்தத்தைத்தான் கேட்கிறார். ஆசாரத்தின் சுத்தம் யார் தொட்டது, எங்கிருந்து வந்தது என்று பார்க்கும். நுரையீரலின் சுத்தம் எது உள்ளே போனது என்று மட்டும் பார்க்கும். இந்த இரண்டும் ஒரே அடுப்பங்கரையில் பல நூற்றாண்டுகள் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் வாழ்ந்திருக்கின்றன.

ஆசாரம் அடுப்பைக் களங்கமற்றதாக நினைத்ததா என்றால், அதுவும் இல்லை. மனுஸ்மிருதியின் 3ஆம் அத்தியாயம் இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகச் சொல்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல் உலக்கை, தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்தும் அந்தப் பட்டியலில் உள்ளவை. பஞ்சசூனை என்று இதற்குப் பெயர்; சூனை என்றால் உயிர்க்கொலை நடக்கும் இடம். விறகில் ஒண்டிய எறும்பு சாகிறது, பெருக்கும்போது பூச்சி நசுங்குகிறது. வாழ்வதற்காகச் செய்யும் எந்த வேலையிலும் எங்கோ ஓர் உயிருக்குக் கேடு இருக்கிறது என்று அந்த நூல் ஒப்புக்கொள்கிறது. அதற்குப் பரிகாரமாகத்தான் வேதம் ஓதுதல், முன்னோர் கடன், தெய்வ வழிபாடு, பிற உயிர்களுக்கு உணவு, விருந்தோம்பல் என்னும் ஐம்பெரும் வேள்விகள். அடுப்பு தினமும் கடன் ஏற்றுகிறது, இல்லறத்தான் தினமும் அதை அடைக்கிறான்.

கணக்கு நேர்மையானதுதான். அதில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. அடுப்பு கொல்லும் உயிர்களின் வரிசையில் எறும்புக்கு இடம் கிடைத்தது, அடுப்பை மூட்டுகிறவளுக்குக் கிடைக்கவில்லை. பரிகாரம் செய்ய உரிமை பெற்றவன் கூடத்தில் இருந்தான். புகையைக் குடித்தவள் உள்ளே இருந்தாள்.

அந்தப் பெயர் எவ்வளவு பெரியது என்பது அளந்து பார்த்த பிறகே தெரிந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் மீது சிறு கருவிகளைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார்கள். காற்று மாசு என்றால் ஆலைப் புகைக்கூண்டும் நகரத்துப் பேருந்தும் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவரது குழுவும் வீடு வீடாக இதே வேலையைச் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் உலகெங்கும் 32 லட்சம் பேர் முன்கூட்டியே இறந்திருக்கிறார்கள். அவர்களில் 2,37,000 பேர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். மூச்சுக்குழாய் நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று என்று நீளும் பட்டியலில் கண்புரையும் உண்டு. மனு எழுதியது உவமை என்று நினைத்திருந்தால், இந்த எண்கள் அதை எழுத்துக்கு எழுத்து உண்மையாக்குகின்றன.

அடுப்பின் இந்தக் கொலைக் கணக்குக்கு ஒரு விடை சமணத்தில் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில், சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் கல்லைப் படுக்கையாக வெட்டிக் கிடந்த துறவிகளின் நெறிப்படி நெருப்புக்கே உயிர் உண்டு. மூட்டுவதும் கொலை, அணைப்பதும் கொலை. ஆகவே சமணத் துறவி அடுப்புப் பக்கமே போவதில்லை. இல்லறத்தார் தமக்காகச் சமைத்ததில் ஒரு கவளம் ஏற்றுக்கொள்வார். கை சுத்தமாக இருக்கிறது. அதற்காக ஊரில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பு புகைந்துகொண்டுதான் இருக்கிறது. தன் தூய்மைக்கான செலவை இன்னொருவர் கணக்கில் எழுதாமல் ஒரு மனிதர் தூயவராக இருக்க முடியுமா என்ற கேள்வியைச் சமணர்களே கேட்டுக்கொண்டார்கள். துறவிக்கென்று தனியாகச் சமைத்ததை ஏற்கக்கூடாது என்ற விதியும் அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான்.

கீதை வேறு திசையில் போகிறது. 18ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தொழிலையும் அதன் குற்றத்தையும் பேசும்போது நெருப்பையும் புகையையும் உவமையாக எடுக்கிறான். குற்றம் இருக்கிறது என்பதற்காகக் கடமையை விடக்கூடாது என்பது அங்கே கருத்து. ஸ்ரீரங்கத்தில் நெடுங்காலம் இருந்த இராமானுசர் உட்படப் பெரிய ஆசாரியர்கள் இதற்கு உரை செய்திருக்கிறார்கள். சமையலை நிறுத்திவிட முடியாது என்று அறிந்த இல்லறத்தாருக்கு இது ஆறுதல். அதே ஆறுதல் வசதியாகவும் மாறக்கூடும். நெருப்பென்றால் புகை இருக்கத்தான் செய்யும், என்ன செய்வது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் தருக்க நூல்கள் கைகொடுக்கின்றன.

புகை இருந்தால் நெருப்பு இருக்கும். சரி. அதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று சொல்லலாமா? கூடாது என்கிறார்கள் நையாயிகர்கள். உதாரணம், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அப்படியானால் அடுக்களையில் மட்டும் ஏன் புகைகிறது? ஈரவிறகின் சேர்க்கை இருப்பதால். நெருப்போடு ஈரவிறகு சேரும்போதுதான் புகை. இடையில் ஒளிந்து நின்று வேலை பார்க்கும் இந்த நிபந்தனைக்கு ‘உபாதி’ என்று பெயர். வீட்டுப் பேச்சில் தொல்லை என்ற பொருளில் வழங்கும் அதே சொல். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் ஒருத்தியிடம் இந்த இரண்டு பொருளும் ஒன்றுதான்.

புகை நெருப்பின் இயல்பன்று, விறகின் குறை என்று பழைய ஆசிரியர்கள் சொன்னதை இன்றைய வேதியியல் பெரும்பாலும் ஏற்கும். புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. சூட்டில் விறகிலிருந்து ஆவிகள் கிளம்புகின்றன. போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை சுடராக எரிந்து தீரும்; கிடைக்காவிட்டால் கரித்துகளும் கார்பன் மோனாக்சைடுமாக வெளியே வரும். ஈரவிறகில் வெப்பத்தின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே செய்யக்கூடிய முதல் காரியம் மணப்பாறைப் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான்: விறகைப் பிளந்து வெயிலில் போட்டு, மழைக்கு முன் தாழ்வாரத்தில் அடுக்குவது. அடுத்தது காற்று. 1980களில் அமெரிக்கர் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்த ராக்கெட் அடுப்பு ‘எல்’ எழுத்துபோல் வளைந்த, வெப்பம் வெளியேறாத சிறு எரிஅறையில் சுள்ளிகளின் நுனியை மட்டும் எரிக்கிறது. சிறு மின்விசிறியால் காற்றை உள்ளே தள்ளும் அடுப்புகளும் உண்டு. பழைய மூன்று கல் அடுப்போடு பார்த்தால் இவை கொஞ்ச விறகில் குறைந்த புகையோடு வேலையை முடிக்கும். காய்ந்த விறகும் புகையை முழுக்க விட்டுவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு நையாயிகர்களின் உபாதி பாதி வழிதான் வருகிறது.

குமுட்டி அடுப்பு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. நன்கு பிடித்த கரி கண்ணுக்குத் தெரியும் புகை விடுவதில்லை. ஆசாரத்துக்கும் பொருந்துகிறது, கண்ணும் எரியவில்லை. ஆனால் மூடிய அறையில் கனன்று கிடக்கும் கரி, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்திவிட்டுக் குளிருக்குக் கரிச்சட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் வடநாட்டுக் குளிர்காலத்தில் வராத ஆண்டில்லை. புகை இல்லை, ஆகவே கேடு இல்லை என்ற அனுமானம் தருக்கத்தில் ஹேத்வாபாசம், அதாவது போலிக் காரணம்.

புகையில்லா அடுப்புக்கான முயற்சி இந்தியாவில் சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியின் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் மகன்வாடி வளாகத்திலிருந்து நடத்தினார். அங்கே உருவான புகையில்லா அடுப்புக்கு மகன் சூலா என்று பெயர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர் குமரப்பா. ஏசுவின் போதனைகளைப் பற்றியும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியும் எழுதியவர். அவருக்கு அடுப்பும் கிராமத்து அறநெறியின் ஒரு பகுதி. பின்னர் 1980களில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் போடப்பட்டன. பல அடுப்புகளில் மண் வெடித்தது, புகைபோக்கியில் கரி அடைத்தது, பானைக்கும் அடுப்பு வாய்க்கும் அளவு பொருந்தவில்லை. போட்ட அடுப்புகளை எண்ணிய அளவுக்கு எரிந்த அடுப்புகளை யாரும் எண்ணவில்லை. மூலையில் பழைய கொடியடுப்பு திரும்ப எரியத் தொடங்கியது.

கேஸ் வந்துதான் கதை மாறியது. தமிழ்நாட்டில் 2006இல் வந்த அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு அடுப்பை இலவசமாகக் கொடுத்தது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் நாட்டில் 58.6 விழுக்காடு; தமிழ்நாட்டில் பத்து வீட்டில் எட்டு. ஆனாலும் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு இருக்கிறது. மாட்டுக்குத் தவிடு காய்ச்சும் அடுப்பு இருக்கிறது. உள்ளே சிலிண்டர், வெளியே சுள்ளி. காற்று சுவரைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் புகையும் சன்னல் வழியே உரிமையோடு வரும்.

கேஸுக்கு மாறுவது எவ்வளவு பயன் தருகிறது என்பதைச் சோதிக்க இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கர்ப்பிணிகள் இருந்த சுமார் 3,200 வீடுகள் சேர்க்கப்பட்டன. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசம். இந்தியாவில் அது நடந்த இடங்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். கேஸ் கிடைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு, விறகில் சமைத்தவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதிர்பார்த்தது வேறு என்பதால் ஆய்வுலகம் திகைத்தது.

இந்த முடிவு ஓர் அறக்கேள்வியை எழுப்புகிறது. பலன் தராசில் ஏறினால்தான் ஒருவரைப் புகையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டுமா? கண் எரியாமல், இருமாமல், நடுவில் எழுந்து வாசலுக்கு ஓடாமல் ஒரு பெண் சமைத்து முடிப்பது, குழந்தையின் எடை கூடாவிட்டாலும் அவளுக்கே உரிய நன்மை. அவளைத் தாயாக மட்டும் பார்க்கும் கணக்கில் அந்த நன்மை தெரியாது. பஞ்சசூனைப் பட்டியலில் விட்டுப்போன பெயர் இங்கே மறுபடியும் விட்டுப்போகும்.

பெரியவரின் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. இதில் அக்னி இருக்கிறதா?

ரிக்வேதத்தின் முதல் பாடல் அக்னியை நோக்கியது. வேத மரபு அந்த அக்னியை விறகில் மட்டும் அடைத்து வைக்கவில்லை. மண்ணில் தீயாகவும் இடைவெளியில் மின்னலாகவும் வானில் சூரியனாகவும் அவனைக் காண்கிறது. உண்ட சோற்றைச் செரிக்கும் வயிற்றுத் தீயும் அவனே. அப்படிப் பார்த்தால் மின்சார அடுப்பில் இருப்பது மின்னலின் தம்பி. 2002இல் திருமலையில் சூரிய வெப்பத்தைக் குவித்து, அதில் உண்டாகும் நீராவியில் அன்னதானச் சோறு வேகவைக்கும் அமைப்பு வந்தது. பக்தர்கள் அந்தச் சோற்றை ஒதுக்கவில்லை.

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் சாஸ்திர விசாரம் இல்லாமலே இந்த வழக்கைப் பாதி தீர்த்துவிட்டன. திருச்சியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டில் பால் காய்ச்சும் காலையை நினைத்துப் பார்க்கலாம். கேஸ் அடுப்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் பொங்கி வழியும்போது குலவையிடுகிறார்கள். ஆயுத பூஜைக்கு அந்த அடுப்புக்கும் பொட்டு உண்டு. பொங்கிய பால் கீழே எரிந்தது வேம்பா பியூட்டேனா என்று கேட்பதில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு கொஞ்சம் வேறு வகை. அதில் சுடரே கிடையாது. கண்ணாடித் தட்டுக்குக் கீழே உள்ள கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அது பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பாத்திரம் தானே சூடேறுகிறது. இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் அடியில் தீ இல்லாமலே கல் காய்ந்துவிடும். காய்ச்சிய இரும்பு, உள்ளே வெப்பம், புகை இல்லை. நையாயிகர்கள் வாதத்துக்காக எடுத்த இரும்புக் குண்டு இப்போது சமையல் மேடைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. விதிவிலக்காகச் சொன்ன உதாரணம் வீட்டுச் சாமானாகிவிட்டது.

இந்த இரும்புக் குண்டுக்கும் வரம்பு உண்டு. மண்பானை அதில் வேலைக்காகாது. வெண்கலப் பானையும் ஈயச்சொம்பும் ஆகாது. ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறவருக்கு இது சின்ன இழப்பில்லை. பொங்கல் பானை வைக்கிறவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் மேடைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, காவிரிக் கரையில் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. சித்தன்னவாசல் துறவியின் கவளம்போல, இங்கே கை சுத்தமாக இருப்பதற்கு அங்கே ஓர் அடுப்பு புகைகிறது. அந்தப் புகைக்கூண்டு வானுயரம், அதில் துகளைப் பிடிக்கும் கருவிகள் உண்டு. பெண்ணின் முகத்துக்கு ஒரு முழம் எதிரே புகைவதோடு அதைச் சமமாக்க முடியாது. அதற்காக அது இல்லாமல் போய்விடவும் இல்லை. மேட்டூரிலும் நெய்வேலியிலும் மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புகையைச் சட்டத்தால் கட்டிய ஊர்களிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் 5 நாள் மூடியது. முதல் கணக்கில் 4,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பிந்தைய மதிப்பீடுகள் 12,000 வரை போகின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் வீட்டுக் கணப்பில்கூடப் புகை தராத எரிபொருளோ அங்கீகாரம் பெற்ற அடுப்போ மட்டும்தான் வைக்கலாம் என்றாயிற்று. ஆங்கிலேயருக்குக் கணப்பின் செந்தழல் கிட்டத்தட்டக் குலதெய்வம், முணுமுணுத்துக்கொண்டே மாறினார்கள். அதே நாட்டில் தவிந்தர் கய் என்ற இந்து முதியவர், தன்னைத் திறந்த வெளியில் விறகுச் சிதையில் எரிக்க அனுமதி கேட்டு நியூகாசில் நகராட்சிக்கு எதிராக வழக்காடினார். சுவர்களும், கூரையில் வெயில் விழத் திறப்பும் உள்ள கட்டடத்துக்குள் சிதை எரிந்தால் போதும் என்று அவர் இறங்கிவர, அது சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எந்த அம்சம் சமயத்துக்கு உயிர், எது பழக்கம் என்று பக்தரே பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. திருச்சி ஓயாமரியில் எரிவாயு தகன மேடையில் தந்தைக்குக் கொள்ளி வைக்கும் மகன்கள் அந்தப் பிரிப்பை வாதம் இல்லாமல் செய்து முடித்துவிட்டார்கள். போகிக்கு முந்தைய வாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் விடுக்கும் வேண்டுகோளும் இதையேதான் கேட்கிறது: கழிய வேண்டியது பழையதா, எரிய வேண்டியது டயரா?

சமயம் புகையையே விரும்பும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பூஜையின் 16 உபசாரங்களில் தூபம் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் சாம்பிராணி சுற்றிவருகிறது. ஆனால் தூபம் வந்து போகிற விருந்தாளி. சமையற்புகை நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம், ஒரே ஆளின் முகத்தில், நாற்பது ஐம்பது ஆண்டு.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் சோறிடும் அந்த அணையா அடுப்பு இன்றுவரை எரிந்து வருகிறது. பசியை ஏழையின் உடலில் பற்றிய நெருப்பாகவும், சோறிடுவதை அந்த நெருப்பை அணைப்பதாகவும் பார்த்தவர் அவர். ஒரு தீயை அணைக்க இன்னொரு தீ அணையாமல் இருக்கிறது. அணையக்கூடாது என்று அவர் நினைத்தது விறகா, சோறா என்று கேட்டுப் பார்த்தால், அவர் வழிவந்த சன்மார்க்கிகள் விடை சொல்லத் தயங்க மாட்டார்கள்.

நெருப்பே இல்லாத நாட்களும் திருச்சி மாவட்டத்திலேயே உண்டு. சமயபுரத்தில் ஆண்டுதோறும் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மன் தானே விரதம் இருக்கிறாள். பக்தர்களுக்காக அவள் ஏற்றுக்கொண்ட பச்சைப்பட்டினி. அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். அடுப்பு மூட்டாமல் படைத்ததையும் தெய்வம் ஏற்கும் என்பதற்கு அம்மனே சாட்சி. விரதம் முடிந்து சித்திரை வந்தால் மணப்பாறையில் வேப்பிலை மாரியம்மனுக்குத் திருவிழா. பொங்கல் வைக்கப் பெண்கள் கல் கூட்டுவார்கள், சுள்ளி பொறுக்குவார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், திறந்த வெளியில், பானை பொங்க ஊதும் அந்தப் புகையைப் பற்றி எந்த மருத்துவரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார். மீதி 364 நாளுக்குத்தான் அடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இட்லிக் கொப்பரைக்குக் கேஸ், தோசைக்கல்லுக்கு இண்டக்‌ஷன், வெந்நீருக்குக் கூரைமேல் சூரியத் தொட்டி, மண்பானைப் பொங்கலுக்குக் காய்ந்த விறகும் திறந்த முற்றமும் என்று வேலைக்கேற்பப் பிரித்துக்கொள்ளும் வீடு, ஆசாரத்தோடும் நுரையீரலோடும் ஒரே நேரத்தில் பேச்சுவார்த்தை நடத்துகிறது.

தருக்க ஆசிரியர்களுக்குத்தான் ஒரு சிக்கல் மிச்சம். ஸ்ரீரங்கத்தில் இன்று தர்க்க சங்கிரகம் படிக்கப்போகும் பையன், தன் வீட்டு அடுக்களையில் புகையைப் பார்த்தே இருக்க மாட்டான். புகை உள்ள இடத்தில் நெருப்பு, எங்ஙனமெனில் அடுக்களையில் போல என்று ஆசிரியர் சொன்னால் அவன் விழிப்பான். அவனைத் திண்டுக்கல் பேருந்தில் ஏற்றி மணப்பாறைக்கு அழைத்துப்போய், ஐப்பசி மழையில் நனைந்த விறகோடு மல்லுக்கட்டும் ஒரு முறுக்குக் கொட்டகை வாசலில் நிறுத்தலாம். உதாரணம் விளங்கிவிடும். உள்ளே சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரு தம்பி, முறுக்கா வேணும் என்று கேட்பாள்.